ஒரு மீன்பெட்டிச் சைக்கிள், மூன்று ஓட்ட முறைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து மேற்குப் பக்கமான படுவான்கரைக்கு மீன் கொண்டுபோய் விற்கும் ஒருவரின் சைக்கிளில், 2022 ஆகஸ்ட் தொடக்கம் மூன்று வகை மோட்டார் ஓட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டினோம். முதலாவது, பின் டயரை அழுத்திச் சுழற்றும் உருளை. அடுத்தது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினும் செயினும். கடைசியாக முன்சில்லில் ஹப் மோட்டார், அதாவது சில்லின் நடுக் குடத்துக்குள்ளேயே இருக்கும் மின்மோட்டார். ஆள், பாதை, சுமை எதுவும் மாறவில்லை என்பதால் மூன்றையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கிடைத்தது. வேலை முழுவதும் ஆரையம்பதிப் பக்கத்துக் கடைசல் பட்டறை ஒன்றில் நடந்தது. எஞ்சின் எத்தனை சீசீ, மோட்டார் எத்தனை வாட் என்பதுதான் இப்படியான வேலைகளில் முதல் கேள்வியாக வருகிறது. இந்த வண்டியில் முடிவைத் தீர்மானித்தது அதுவல்ல. விசை எந்தச் சில்லில், எந்த இடத்தில் போய்ச் சேர்கிறது என்பதுதான்.

பின்னணி

வண்டிக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர். விடியப்புறம் கரைவலைக்காரர்களிடமும் தோணிக்காரர்களிடமும் கீரி, சூரை, பாரை என்று கிடைப்பதை வாங்கி, ஐஸ் போட்ட றெஜிபோம் (வெண்ணுரைப் பிளாஸ்டிக்) பெட்டியில் அடைத்து, மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போவார். 2014 ஏப்ரலில் பாலம் திறக்கும்வரை மண்முனைப் பாதையில் (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் மிதவையில்) வண்டியை ஏற்றி வாவியைக் கடந்தவர். அங்கிருந்து உள்ளூர்களுக்கு, பாதி தார் வீதி, பாதி கிரவல். போகவர முப்பது கிலோமீற்றரை ஒட்டிய சுற்று. அந்தத் தொழிலில் அநேகர் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். இவருக்கு சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. மாறும் எண்ணமும் இருக்கவில்லை.

2021 முடிவில் முழங்கால் தேய்வு என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். மிதிப்பதைக் குறைக்க வேண்டும், சுமையோடு ஏற்றம் மிதிக்கவே கூடாது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய மோட்டார் சைக்கிளின் விலையே எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. 2022 நடுப்பகுதியில் பெற்றோல் வரிசை. ஓகஸ்டில் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் குறியீட்டு முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றானது. லீற்றர் 450 ரூபாய்.

பட்டறைக்கு வந்தபோது அவர் கேட்டது இவ்வளவுதான்: “தம்பி, எனக்கு ஓட்டம் வேணாம். பாலத்துல ஏறக்குள்ள முழங்கால் நோகாம இருந்தாச் சரி. மறுகா நான் மிதிச்சுக்குவன்.”

இந்த வாக்கியத்தைப் பட்டறைப் பலகையில் எழுதி வைத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் முடிவெடுக்கும்போது அதைத்தான் திரும்பப் பார்த்தோம்.

வண்டியில் கண்டவை

28 அங்குலப் பெரிய சைக்கிள். வயருக்குப் பதில் இரும்புத் தண்டு இழுக்கும் கம்பிப் பிறேக், கனத்த கரியர், முன்சில்லில் 32 ஸ்போக்ஸ் (சில்லுக் கம்பி), பின்சில்லில் 40. பழைய இங்கிலாந்து அமைப்பு இது. சுமை பின்னால் என்பதால் பின்சில்லுக்கு எட்டுக் கம்பி கூட. இந்த 40 என்ற எண் பின்னால் பெரிய வேலை கொடுத்தது.

மீன், ஐஸ், ஆள் எல்லாவற்றோடும் வண்டியை நெல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் சில்லுச் சில்லாக ஏற்றினோம். மொத்தம் 135 கிலோ. அதில் பின்சில்லில் 97, முன்சில்லில் 38.

பெட்டியின் அடி மூலையில் ஒரு வெடிப்பு. ஐஸ் உருகும் தண்ணீர், மீன் சளியும் உப்பும் கலந்து, சொட்டுச் சொட்டாகப் பின் மட்காட்டில் விழுந்து, அதன் ஓட்டையால் டயரின் நடுவில் வழிந்துகொண்டிருந்தது. பின் ஹப்பின் இடப்பக்கக் கம்பிகள் எல்லாம் கழுத்தில் துருவேறி, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தன. வலப்பக்கக் கம்பிகளில் செயின் எண்ணெய் பட்டிருந்ததால் அவை பரவாயில்லை.

மோட்டார் தேடுமுன் எவ்வளவு வலு வேண்டும் என்று கணக்குப் போட்டோம். மோட்டாரும் சேர்ந்தால் 150 கிலோ என்று வைத்துக்கொண்டோம். தார் வீதியில் காற்றில்லாத வேளை மணிக்கு 20 கிலோமீற்றரில் போகச் சில்லில் ஏறத்தாழ 150 வாட் போதும். கிரவலில் 15 கிலோமீற்றர் வேகத்துக்கு 180. பாலத்து ஏற்றத்தை 4 சதவீதம் என்று கொண்டால், மணிக்கு 10 கிலோமீற்றரில் ஏற 210. ஆகக் கூடியது கச்சான் காற்று. வைகாசிக்குப் பிறகு மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்று மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் முகத்தில் அடித்தால், 20 கிலோமீற்றரில் போக 290 வாட் வேண்டும். ஆரோக்கியமான ஒருவர் நெடுநேரம் மிதித்தால் கொடுக்கக்கூடியது 75 தொடக்கம் 100 வாட். அவருடைய முழங்கால் ஏன் போனது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆக, 300 வாட் சில்லுக்குப் போய்ச் சேர்ந்தால் காரியம் முடிந்தது. ஆகச் சிறிய எஞ்சினே அதைப்போல் மூன்று மடங்கு கொடுக்கும். வலு ஒரு பிரச்சினையே அல்ல என்பது முதல் நாளே தெரிந்திருந்தது.

முதல் ஓட்டம்: டயரில் உருளை (2022 ஆகஸ்ட் – செப்டெம்பர்)

வண்டியில் எதையும் வெட்டாமல், பிடிக்காவிட்டால் அப்படியே கழற்றிவிடலாம் என்பதால் உருளையில் தொடங்கினோம். பிரான்சில் 1946 முதல் விற்கப்பட்ட வெலோசோலெக்ஸ் சைக்கிளும் இந்தத் தத்துவந்தான். அதில் உருளை முன் டயரில் அமரும். நம்மிடம் இருந்தது 35 சீசீ நான்கு ஸ்ட்ரோக் புல்வெட்டி எஞ்சின். அதன் கிளச் சுற்று வேகம் கூடியதும் தானாக விரிந்து பிடிக்கும் வகை. கரியரின் அடியில் கீல் வைத்த தட்டில் எஞ்சினைப் பூட்டி, ஸ்பிரிங்கால் டயரை நோக்கி இழுத்தோம்.

முதல் உருளை 32 மில்லிமீற்றர் விட்டம். சில்லின் சுற்றளவு 2.24 மீற்றர் என்பதால் உருளை 22 முறை சுற்றினால் சில்லு ஒரு முறை சுற்றும். இந்த எஞ்சினில் கிளச் முழுதாகப் பிடிக்க நிமிடத்துக்கு 4,500 சுற்று தேவைப்பட்டது. அந்தச் சுற்றில் வண்டி மணிக்கு 27 கிலோமீற்றரில் போயாக வேண்டும். பாலத்தில் சுமையோடு 10 கிலோமீற்றரில் ஏறுகிற வண்டிக்கு அது பொருந்தவே இல்லை. கிளச் ஏற்றம் முழுவதும் வழுக்கிக்கொண்டே இருந்தது. மேலே போய் நிற்கும்போது கிளச் மூடியைத் தொட முடியவில்லை, கருகிய மணம்.

உருளையைக் கடைந்து 22 மில்லிமீற்றராக்கினோம். அதே 4,500 சுற்றுக்கு இப்போது 19 கிலோமீற்றர். மிதித்து வேகம் எடுத்துக்கொண்டால் தட்டையான வீதியில் அருமையாக ஓடியது. ஆனால் உருளை சிறுக்கச் சிறுக்க டயரில் அது தொடும் பரப்பும் சிறுத்துப்போகிறது. வழுக்காமலிருக்க மேற்பரப்பில் பல் கொத்தினோம். பல் டயரை அரம்போல் தின்னத் தொடங்கியது. ஸ்பிரிங்கை இறுக்கினால் எஞ்சின் நிறுத்தியிருக்கும் வேளையிலும் உருளை டயரைப் பிடித்து இழுத்தது, முழங்காலுக்குப் பழையதைவிட மோசம். உருளை ஓட்டத்தில் வேக விகிதம், பிடிமானம், டயர்த் தேய்வு மூன்றும் ஒரே விட்டத்தில் தொங்குகின்றன. ஒன்றைத் திருத்தினால் மற்ற இரண்டில் ஒன்று கெடும்.

இதற்கு மேல் அந்த மீன்தண்ணி. மட்காட்டு ஓட்டையை அடைத்து, பெட்டியின் வெடிப்புக்குப் பிளாஸ்டிக் குழாய் வைத்து ஒரு பக்கமாக இறக்கினோம். இருந்தும் கடற்கரை மணலும் சளியும் டயரில் ஒட்டி, உருளைக்குக் கீழே களிபோல் அரைபட்டன. செப்டெம்பர் முடிவில் திடீரென்று ஒரு மழை வந்த காலை, எஞ்சின் முழுச் சத்தத்தில் சுழல, வண்டி அசையாமல் நின்றது. மாரி அப்போதுதான் வரவிருந்தது. அன்றைக்கே கழற்றினோம்.

உருளை ஓட்டம் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. சுமை இல்லாத, காய்ந்த வீதியில் பாடசாலைக்கோ வேலைக்கோ போய்வரும் ஒருவருக்கு ஆகச் சுலபமானது அதுதான். மீன் வண்டிக்கு ஆகாது.

இரண்டாவது ஓட்டம்: எஞ்சினும் செயினும் (2022 ஒக்டோபர் – 2023 ஜனவரி)

வண்டிக்காரரின் உறவினர் ஒருவர் மத்திய கிழக்கிலிருந்து முன்பு கொண்டுவந்து, பிரிக்காமலே வைத்திருந்த ஒரு பெட்டி இருந்தது. சைக்கிளுக்குப் பூட்டும் சீன இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்டியில் 80 சீசீ என்று அச்சிட்டிருந்தது. சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 38. கணக்குப் போட்டால் 66 சீசீதான் வருகிறது. இந்த வகை எஞ்சின்களில் இது வழக்கம், வாங்குகிறவர்கள் அளந்து பார்ப்பது நல்லது.

செயின் ஓட்டத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் நேரானது: வழுக்காது. எஞ்சினுக்குள் பல்லுச் சக்கரங்கள் 4.1 மடங்கு குறைக்கின்றன. வெளியே 10 பல்லுக்கு 44 பல்லு, இன்னொரு 4.4. மொத்தம் 18 மடங்கு. மணிக்கு 20 கிலோமீற்றரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,700 சுற்றைத் தாண்டாது. கையால் பிடிக்கும் கிளச்சும் உண்டு, பாலத்தில் நின்று எடுக்கலாம்.

சிக்கல் பின்சில்லில் வந்தது. 44 பல்லுச் சக்கரத்தை ஹப்பில் பூட்டுவதில்லை. கம்பிகளின் இரு பக்கமும் ரப்பர் வளையம் வைத்து, ஒன்பது போல்ட்டால் கம்பிகளோடு சேர்த்து இறுக்குகிறார்கள். ஒன்பது போல்ட் என்பது 36 கம்பிச் சில்லுக்கானது: நான்கு கம்பிக்கு ஒரு போல்ட். நம் சில்லிலோ 40. முதல் மூன்று போல்ட் இடைவெளியில் இறங்கின, நான்காவது கம்பியில் போய் முட்டியது. சுத்தியலால் கம்பியை ஒதுக்கிப் போல்ட்டைச் செலுத்துகிறவர்கள் உண்டு. ஏற்கெனவே கழுத்துத் துருவேறிய கம்பிகள், மேலே 97 கிலோ. அதை நாங்கள் செய்யவில்லை. ஹப்பின் உடலைச் சுற்றிப் பிடிக்கும் இரு பாதி வளையத்தைக் கடைந்து, பல்லுச் சக்கரத்தை அதில் பூட்டினோம். கம்பிகளுக்கு எந்த வேலையும் இல்லாமல் போனது. நேரமும் இரும்பும் கூடச் செலவானாலும், இந்தப் பகுதி கடைசிவரை ஒரு தொந்தரவும் தரவில்லை.

ஓட்டம் நன்றாகவே இருந்தது. பாலத்தில் மிதிக்காமல் ஏறினார். முழங்கால் வீக்கம் ஒரு மாதத்தில் தணிந்தது. ஆனால் வேறு மூன்று விசயங்கள் மெல்ல மெல்லக் கூடிவந்தன.

எரிபொருள் ஒன்று. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடினாலும், நாளுக்கு முப்பது கிலோமீற்றர், கிழமையில் ஆறு நாள் என்றால் 4 லீற்றர். பதிவு இல்லாத வண்டிக்குக் கியூஆர் கிடையாது. மருமகனின் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த 4 லீற்றரும் அப்படியே இந்த வண்டிக்குப் போனது. மருமகன் வேலைக்குப் பஸ்ஸில் போனார். வீட்டில் இது சின்ன விசயமாக இருக்கவில்லை.

அடுத்தது சட்டம். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், எஞ்சினால் ஓடும் வண்டி வீதிக்கு வந்தால் பதிவு, காப்புறுதி, அனுமதிப்பத்திரம் மூன்றும் கேட்கப்படும். வீதியில் ஒரு முறை மறித்து எச்சரித்து விட்டார்கள். அவர் அதற்குப் பிறகு சந்திகளுக்கு முன்பே எஞ்சினை நிறுத்தி மிதித்துக் கடந்தார். சந்திகளில்தான் நின்று எடுக்க வேண்டியிருக்கும், முழங்காலுக்கு ஆகக் கூடுதல் பாரம் வருவதும் அங்கேதான்.

மூன்றாவது அதிர்வு. அதுவே முடிவைக் கொண்டுவந்தது. செயினை இறுக்கிப் பிடிக்கும் சிறு உருளை (இறுக்கி உருளை), பின்சில்லுக்குப் போகும் சட்டக் குழாயில் இரண்டு போல்ட்டால் கவ்வி நிற்கிறது. அந்தக் குழாய் பின்னால் போகப் போகச் சிறுத்துப்போகும். எஞ்சின் அதிர்வில் கவ்வி ஒரு மயிரளவு பின்னால் நகர்ந்தாலும் பிடி தளர்ந்துவிடும். செயினின் இழுவை அதை உள்பக்கமாகத் திருப்பும். உள்பக்கம் இருப்பது கம்பிகள். கவ்விக்கு அடியில் ரப்பர் வைத்து இறுக்கியிருந்தோம், கிழமைதோறும் பார்க்கும்படி சொல்லியிருந்தோம்.

2023 ஜனவரியில், மாரியில் பள்ளம் விழுந்த பாலத்து அணுகு வீதியில், சுமையோடு போகும்போது கவ்வி திரும்பியது. உருளை கம்பிகளுக்குள் புகுந்து பின்சில்லு அப்படியே பூட்டிக்கொண்டது. அவர் இடப்பக்கம் விழுந்தார். முழங்கையிலும் தோளிலும் உராய்வு, மணிக்கட்டுச் சுளுக்கு. பெட்டி உடைந்து மீன் வீதியில். பின்னால் வந்த லொறி தூரத்திலேயே பிறேக் பிடித்தது. பின்சில்லில் பதினொரு கம்பி அறுந்திருந்தது.

அடுத்த நாள் மூன்று வழிகளைப் பேசினோம். இறுக்கி உருளையைச் சட்டத்தோடு வெல்டிங் செய்யலாம். அல்லது அதை அடியோடு எடுத்துவிட்டு, எஞ்சின் பூட்டும் இடத்தை நகர்த்திச் செயினை அளவாக வெட்டலாம். அல்லது எஞ்சினைக் கைவிடலாம். முதல் இரண்டும் தொழில்நுட்பமாகச் சரியான வழிகள். இரண்டாவது இந்த வகை எஞ்சின்களுக்கு உண்மையிலேயே நல்ல வழி. ஆனால் சுமை தாங்கும் பின்சில்லுக்கு இடப்பக்கம் ஒரு செயின், வலப்பக்கம் ஒரு செயின், நடுவில் உப்பில் அரித்த கம்பிகள் என்ற நிலைமை இரண்டிலும் மாறாது. பெற்றோலும் சட்டமும் அப்படியே இருக்கும். எஞ்சினைக் கழற்றுவதென்று முடிவானது. அவருடைய மனைவி அந்த முடிவைப் பட்டறைக்கு வருமுன்பே எடுத்திருந்தார்.

மூன்றாவது ஓட்டம்: முன்சில்லில் ஹப் மோட்டார் (2023 ஏப்ரல் முதல்)

மின்சாரத்தை முதலிலேயே யோசிக்காமல் விட்டதற்கு அன்றைய நிலைமை காரணம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அதன் பிறகும் நெடுநாள் தினமும் வெட்டு. இரவில் பற்றரி ஏறுமென்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2023 பெப்ரவரிக்குப் பிறகு அந்தத் தடை நீங்கியது.

கொழும்பிலிருந்து 48 வோல்ட், 350 வாட் ஹப் மோட்டார் ஒன்று எடுத்தோம். பெடல் அச்சில் பூட்டும் நடு மோட்டாரையும் பார்த்தோம். ஏற்றம் நிறைந்த ஊருக்கு அது நல்லது, கியரின் வழியாகவே விசை போகும். இந்த வண்டியில் கியர் இல்லை. படுவான்கரையில் பாலத்தைத் தவிர ஏற்றமும் இல்லை. விசை முழுவதும் பழைய ஒற்றைச் செயினிலும் பின்சில்லிலும் போய் விழும். விலையும் பல மடங்கு.

பின்சில்லா முன்சில்லா என்பதுதான் உண்மையான கேள்வி. தராசுக் கணக்கு இங்கே உதவியது. பின்சில்லு 97 கிலோ தாங்குகிறது, முன்சில்லு 38. சுமையைத் தாங்குகிற சில்லிடம் இழுக்கும் வேலையையும் கொடுக்காமல், சும்மா இருக்கும் சில்லிடம் கொடுப்பது. பின்சில்லில் 40 கம்பியைப் புதிதாகப் பின்னி, எதையும் பூட்டாமல் விட்டோம். இதற்கு ஒரு விலை உண்டு: முன்சில்லில் பாரம் குறைவு என்பதால் கடற்கரை மணலில் மோட்டார் சும்மா சுழன்று குழி பறிக்கும். மணலில் அவர் எப்போதும் வண்டியைத் தள்ளித்தான் வருவார், தள்ளிக்கொண்டே வரட்டும் என்று ஏற்றுக்கொண்டோம்.

முன்சில்லைச் செய்வது எளிதாக இருக்கவில்லை. மோட்டார் 36 கம்பிக்கு, நம் முன் ரிம் 32 துளைக்கு. கம்பிப் பிறேக்கின் கட்டை ரிம்மின் உள்பக்கத்தை அழுத்தும் வகை. மோட்டாரோடு வரும் 26 அங்குல ரிம்மில் அதற்கு இடமே இல்லை. பழைய மலைச்சைக்கிள் ஒன்றின், முன்சில்லை இரு பக்கமும் பிடிக்கும் இரும்புக் கவையை எடுத்து, தண்டில் மரை நீட்டி வெட்டி, அதில் 26 அங்குலச் சில்லைப் போட்டோம். அந்தக் கவை நீளம், சில்லு சிறியது; இரண்டும் சேர்ந்து வண்டியின் முன்பக்கம் கிட்டத்தட்டப் பழைய உயரத்திலேயே நின்றது. பிறேக்குக்குக் கவையில் ஏற்கெனவே பிடிகள் இருந்தன. பிறேக் கைப்பிடியைத் தொட்டதும் மோட்டாருக்கு மின்சாரம் அறுபடும் சுவிட்ச் உள்ளதைப் பூட்டினோம்.

ஹப் மோட்டாரின் அச்சு சுழலாது, அதைச் சுற்றி ஹப்தான் சுழலும். ஆகவே சில்லை முன்னே தள்ளும் அதே முறுக்கு அச்சைப் பின்னே திருப்பப் பார்க்கும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது போதாது. அச்சு கவையின் பிளவை விரித்துக்கொண்டு வெளியேறினால் முன்சில்லே கழன்றுவிடும். 6 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில், அச்சின் தட்டைப் பக்கங்களுக்கு 10 மில்லிமீற்றர் அளவில் ஆடாமல் அமரும் பிளவை அராவி, இரு பக்கமும் கவையோடு பிடித்துக் கட்டினோம். மூன்று ஓட்டங்களிலும் ஆகக் கவனமாகச் செய்த வேலை அந்த இரண்டு தகடுகள்தான்.

பற்றரி நான்கு, ஒவ்வொன்றும் 12 வோல்ட், 12 அம்பியர்-மணி ஈய-அமில வகை. 16 கிலோ. கரியரில் வைக்காமல் சட்டத்தின் முக்கோணத்துக்குள் மரப்பெட்டியில் இறக்கினோம். கணக்கில் 576 வாட்-மணி. ஈயப் பற்றரியில் நம்பி எடுக்கக்கூடியது 350 அளவு. காற்றில்லாத வேளை கிலோமீற்றருக்கு 9 முதல் 10 வாட்-மணி செலவாகும், கச்சானில் 18 வரை போகும்.

அதன் பிறகு

வைகாசி, ஆனியில் கச்சான் தொடங்கியபோது கணக்கு சரியாகவே நின்றது. போகும்போது சுமை, எதிர்க்காற்று. திரும்பும்போது பெட்டி காலி, காற்று முதுகில். போகும் வழியில் மோட்டாரும் மிதியும் சேர்ந்து, திரும்பும் வழியில் மிதி மட்டும் என்று அவரே ஒரு பழக்கத்துக்கு வந்தார். முழுச் சுற்றுக்கும் பற்றரி தாங்கியது. ஒரு முறை ஏற்ற முக்கால் யூனிட் மின்சாரம் போதும்.

மாரியில்தான் ஒரு கோளாறு. 2023 நவம்பரில் மோட்டார் இடையிடையே விக்கி நின்றது. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலரையும் மோட்டாரையும் சேர்க்கும் சிறு பிளக்கைக் கழற்றினால், உள்ளே ஐந்து ஊசிகளில் மூன்று பச்சை பூத்திருந்தன. மழைத் தண்ணீரும் கையிலிருந்த மீன் உப்பும் வயர் வழியாக வழிந்து பிளக்குக்குள் இறங்கியிருக்கின்றன. பிளக்கை வெட்டி எடுத்துவிட்டு, வயர்களை நேரடியாக ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டு மூடினோம். அச்சுக்குள் வயர் நுழையும் இடத்தில் அதைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டினோம். வழியும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், அச்சுக்குள் ஏறாது. அந்தக் கோளாறு பிறகு வரவில்லை.

2024 நடுப்பகுதியில் பற்றரிகள் தளர்ந்தன. பாலத்துக்கு அப்பால் கொக்கட்டிச்சோலையைத் தாண்டுமுன்பே இழுவை குறைந்தது. தினமும் அடிமட்டம்வரை இறக்கி ஏற்றும் ஈயப் பற்றரி ஒரு வருடத்துக்கு மேல் முழு வலுவோடு நிற்பதில்லை, எதிர்பார்த்ததுதான். அவர் சீட்டு எடுத்து, இரும்பு பொஸ்பேற்று லித்தியம் பற்றரிக்கு மாறினார். வண்டியின் பாரம் பத்துக் கிலோ அளவு குறைந்தது. முன் கவையும் தகடுகளும் அசையவில்லை, பின்சில்லில் ஒரு கம்பியும் அறவில்லை. முழங்காலுக்கு இப்போதும் கிளினிக் போகிறார், மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார்கள்.

அடுத்த வண்டிக்கு மாற்றிச் செய்வது

வேறொரு மீன்காரரும் தேங்காய் ஏற்றும் ஒருவரும் இதே வேலையைக் கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேலையின் ஒழுங்கு மாறுகிறது.

வண்டியைத் தராசில் ஏற்றிச் சில்லுச் சில்லாக நிறுப்பதும், கம்பிகளை எண்ணுவதும் மோட்டாரின் பெயரைப் பேசுமுன்பே நடக்கும். பின்சில்லில் முக்கால்வாசிப் பாரம் விழும் வண்டிக்கு முன்சில்லு ஓட்டம். தேங்காய்க்காரரின் வண்டி அப்படியல்ல: முன்னும் பின்னும் தொங்கவிட்டு ஏற்றுகிறார், தோட்டத்து மணலில் ஓட்டியாக வேண்டும். அவருக்குப் பின் ஹப் மோட்டாரும், 36 கம்பியில் கனத்த ரிம்மும் என்று யோசனை.

மீன் வண்டியென்றால் பெட்டியின் தண்ணீர் எங்கே விழுகிறது என்பதைப் பார்த்து, குழாய் வைத்து வெளியே விட்ட பிறகே மற்ற வேலை. வயர்கள் முதல் நாளே ஒட்டி மூடப்படும், பிளக் வைத்து ஓட்டிப் பார்ப்பது உலர்ந்த வண்டிகளுக்கு மட்டும். ஈயப் பற்றரியை விலை பார்த்து எடுக்கிறவர்களிடம் ஒரு வருடத்துக்குப் பிந்திய செலவையும் சேர்த்துச் சொல்கிறோம். இரண்டு செட் ஈயத்தின் விலையைக் கூட்டினால் லித்தியத்தின் விலை அவ்வளவு தூரத்தில் இல்லை.

மோட்டார் எந்த வகையானாலும், வண்டிக்காரர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தன் வண்டிக்குப் பதிவு வேண்டுமா என்று எழுத்தில் கேட்டுப் பதிலை எடுத்துவர வேண்டும். பதில் வரும்வரை வெல்டிங் தொடங்குவதில்லை. செயின் எஞ்சின் கேட்டு வருகிறவரிடம், 36 கம்பிச் சில்லு, ஹப்பைச் சுற்றிய வளையம், இறுக்கி உருளை இல்லாத நேர்ச் செயின், பாரம் இல்லாத கரியர் என்ற நான்கும் இருந்தால் மட்டும் பூட்டித் தருகிறோம்.

கையளிக்குமுன் மணல் மூட்டையை மீன்பெட்டியின் எடைக்கு ஏற்றி, பாலத்தில் ஏறி இறங்கி, இறக்கத்தில் இரண்டு பிறேக்கையும் தனித்தனியே பிடித்துப் பார்க்கிறோம். திரும்பி வந்ததும் முறுக்குத் தகடுகளின் போல்ட்டுகளில் பெயின்ட் கோடு இழுத்து விடுகிறோம். கோடு விலகியிருந்தால் வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.